பிசிறு வெட்டிய விமானம்

கொஞ்ச நாளாக நம் வாட்ஸ்ஆப் குரூப்பில் எல்லோரும் அவரவர் கட்டிய முதல் மாடல் கிட்டின் போட்டோவைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருத்தன் டேங்க். ஒருத்தி ஜீப். இன்னொருத்தன் அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கப்பல், அதிலும் கொடிக்கம்பம் காணோம். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிற இந்த வியாதி யாருக்கு எங்கே ஆரம்பித்தது என்று பேச்சு. நான் மட்டும் கைதட்டுகிற ஸ்டிக்கர் போட்டு நழுவிக்கொண்டிருந்தேன். நேற்று ஒருத்தன் நேராகவே கேட்டுவிட்டான், "நீ என்ன, பொறக்கும்போதே ஏர்பிரஷ்ஷோட பொறந்தியா?"

சரி, கேளுங்கள். நமக்கும் வயதாகிவிட்டது. இருபத்தாறு வயதில் குனிந்து ஒரு சக்கரம் ஒட்டினால் முதுகு பிடித்துக்கொள்கிறது. இதற்குமேல் எதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது. தமிழ் வாசிக்க வராதவர்கள் வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தியிலோ இங்கிலீஷிலோ எழுதினால் இது ஜோக்காகிவிடும். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு தடவை அப்படி ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். செம கைதட்டல். அன்றைக்கு மெஸ்ஸுக்குப் போகாமல் போர்த்திப் படுத்துவிட்டேன்.

எங்கள் வீடு தாராவியில், ஒரு ஒர்க்ஷாப்புக்கு மேலே இருந்த ஒற்றை அறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி வர வேண்டும். கீழே பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின். அது ஓடினால் எங்கள் வீட்டுத் தம்ளர்கள் தட்டோடு பேசிக்கொள்ளும். அடுத்த அறையில் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா செம்பூர்ப் பக்கம் ஒரு கேன்டீனில் சமையல்; விடியுமுன் போய் இருட்டியபின் வருவார், அதனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

அம்மாவுக்கும் அத்தைக்கும் வேலை வீட்டுக்குள்ளேயே வரும். சாக்கில் வரும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சாமான்கள் தனித்தனியாகப் பிறப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கொத்துக் காய் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நாம் ஸ்ப்ரூ என்று ஸ்டைலாகச் சொல்கிற அதே சட்டம்தான். ஒர்க்ஷாப்பில் அதற்குப் பெயர் ரன்னர். சாமானை ரன்னரிலிருந்து நறுக்கி எடுக்க வேண்டும். ஒட்டியிருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை பிளேடால் சீவ வேண்டும். பெருவிரலால் ஒரு தடவு. தட்டுப்பட்டால் இன்னொரு சீவல். பிறகு ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் ஒரே கவரில். மிச்சமான ரன்னர் கீழே மெஷினுக்குப் போய்க் குருணையாகிவிடும். அம்மாவின் வலது பெருவிரலில் எப்போதும் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். மோதிரம் மாதிரி, குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள்.

எந்தச் சாமான் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை வைத்தே பொழுது ஓட்டுவார்கள்.

"இது மிக்ஸி மூடிக்குள்ள வாரது மைனி," என்பாள் அம்மா அத்தையிடம்.

"போளா. இது ஆஸ்பத்திரி சாமான். இதைப் பாத்தாலே எனக்கு ஊசி போட்ட இடம் வலிக்கி."

"ஆஸ்பத்திரிக்குப் பச்சைக் கலர்லயா செய்வாவ?"

"பச்சை உடுப்புதான போடுதாவ டாக்டரு."

அதற்குமேல் விவாதம் கிடையாது. சாமான் கவருக்குள் போய்விடும், பிறகு அதை இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் அது ஒரு பொருளின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும்.

நான் படித்தது மாட்டுங்காவில், இங்கிலீஷ் மீடியம். அம்மா சபைப் போதகரைப் பிடித்து, அவர் யாரையோ பிடித்து வாங்கிய சீட். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கார் இருந்தது. என் யூனிஃபார்மில் சூடான பிளாஸ்டிக் வாசனை இருந்தது. ஒருநாள் ஒருத்தி மூக்கைச் சுருக்கி, "வாட் இஸ் தட் ஸ்மெல்?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "எங்களுக்கு பிளாஸ்டிக் பிசினஸ்," என்றேன். சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள். அந்த வார்த்தை வகுப்பைச் சுற்றி வருவதற்குள் ஃபேக்டரி ஆகிவிட்டது. நான் அதை நிறுத்தவில்லை.

ஏழாவதில் ஹாபி எக்ஸிபிஷன் வந்தது. ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது செய்து மேஜையில் வைக்க வேண்டும், பெற்றோர் வந்து பார்ப்பார்கள். எனக்கு வாய்த்த பார்ட்னர் ஒரு மாட்டுங்காப் பையன். ஒல்லி. தமிழ்ப் பையன்தான், ஆனால் தமிழ் பேசினால் ஒவ்வொரு சொல்லாக மாடிப்படி இறங்குகிற மாதிரி பேசுவான். "எங்க வீட்ல ஒரு ஏரோப்ளேன் கிட் இருக்கு," என்றான். "பப்பாவோடது. ஓப்பன் பண்ணவே இல்ல. உங்களுக்கு ஃபேக்டரி இருக்குல்ல, உனக்கு பிளாஸ்டிக் எல்லாம் தெரியும்னு சொன்னேன். தரேன்னுட்டார்."

பார்ட்னர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்திருந்தார் அவன் அப்பா. மூடியில் ரெண்டு எஞ்சின் வைத்த பழைய போர் விமானம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வருகிற படம். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"நான் காலேஜ் படிக்கறச்சே எங்க அண்ணா ஃபாரின்லேர்ந்து கொண்டு வந்து குடுத்தது," என்றார். "பண்ணணும் பண்ணணும்னு வச்சிண்டே இருந்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், இவன். டைமே வரலை. நீங்களாவது பண்ணுங்கோ. ஆனா ஒரு பீஸ் தொலையப்படாது. இதெல்லாம் இப்போ எங்கே தேடினாலும் கெடைக்காது."

"சரி அங்கிள்."

"ஒங்காத்துல மோல்டிங்கா, எக்ஸ்ட்ரூஷனா?"

எக்ஸ்ட்ரூஷன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. "மோல்டிங்," என்றேன்.

"பேஷ். அப்போ ஒனக்கு நான் ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம்."

உள்ளேயிருந்து பார்ட்னரின் அம்மா குரல் கொடுத்தாள். "அந்தப் பசை, தின்னர் நாத்தமெல்லாம் எனக்கு ஆகாது. தலைவலி வந்துடும். அவா ஃபேக்டரிலேயே வச்சுப் பண்ணட்டும்." அப்படித்தான் அந்த விமானம் ஒரு துணிக்கடைப் பைக்குள் உட்கார்ந்து, பஸ் ஏறி, இரும்பு ஏணி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது.

முதல் கிட்டைத் திறந்த வாசனை உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் என்கிறீர்கள். எனக்கு அது வாசனையாகவே தோன்றவில்லை, எங்கள் வீட்டு வாசனைதான் அது. ஆனால் கண்ணுக்கு அப்படி இல்லை. சாம்பல் நிறச் சட்டங்கள். அவற்றில் இறக்கையும் சக்கரமும், சின்னச் சின்னத் துப்பாக்கிக் குழாய் நீட்டிய மூக்கும் வாலும், நகத்தைவிடச் சிறிய ஒரு நாற்காலியும். இறக்கையில் ஆணி ஆணியாக ஊசிமுனைப் புள்ளிகள். ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும், சட்டத்தின் மேல், ஒரு நம்பர் புடைத்திருக்கும். விளக்கப் படத்தில் அந்த நம்பரைப் பார்த்து இதை அதில் செருகு என்று புரிந்துகொள்ள வேண்டும். செருகுவதற்குத் துண்டுகளின் விளிம்பில் குட்டிக் குட்டிக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்த் துண்டில் அதற்கு ஓட்டை.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ளயா ப்ளேன் இருக்கு?"

"ஆமாம்மா. ஒவ்வொண்ணா வெட்டி எடுத்து ஒட்டணும்."

"இம்புட்டையும் நீயா வெட்டணும்?"

"வேற யாரு வெட்டுவா?" என்று சலித்துக்கொண்டேன். யூனிட் டெஸ்ட் வேறு இருந்தது. பார்ட்னர் ஒரு துரும்பையும் தூக்கிப் போடமாட்டான் என்று அவனைப் பற்றி வேறு புலம்பினேன். பேசி முடித்துவிட்டுப் பெட்டியைப் பாய்ச் சுருள் மேலே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு மகள் அம்மாவிடம் சாதாரணமாகப் புலம்புகிற புலம்பல்.

சனிக்கிழமை சபையில் பாட்டுப் பயிற்சி. போய்விட்டு வந்து ஏணியில் ஏறும்போதே மேலே அத்தை சிரிப்பது கேட்டது. அத்தை சிரித்தால் அடுத்த சந்துக்குக் கேட்கும். தலையை உள்ளே நீட்டியதும் அம்மா சொன்னாள், "ஏட்டி, கண்ண மூடு."

மூடினேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இப்பத் தொற."

தரையில் வரிசையாக, டீ குடிக்கிற பேப்பர் கப்புகள். ஒன்றில் எல்லாச் சக்கரங்களும். ஒன்றில் நீளமானவை. ஒன்றில் உருண்டையானவை. ஒன்றில் தட்டையானவை, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி. இறக்கைகளும் உடம்பின் ரெண்டு பாதிகளும் ஒரு துணியின் மேல் தனியாக, கழுவித் துடைத்து. ஒரு சட்டம்கூட இல்லை. ஒரு நம்பர்கூட இல்லை.

"ஒரு பீஸ் தொலையல," என்றாள் அம்மா. "எண்ணிப் பாத்துக்க."

நான் ஒரு சக்கரத்தை எடுத்தேன். நடுவில் நீட்டிக்கொண்டிருந்த அச்சு சீவப்பட்டிருந்தது. இறக்கையை எடுத்தேன். உடம்புக்குள் செருக வேண்டிய பட்டைப் பகுதி இல்லை. விளிம்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. உடம்பின் உள்விளிம்பைத் தடவினேன். குச்சி ஒன்றும் தட்டுப்படவில்லை. வெட்டிய தடமே தெரியாது, அவ்வளவு சுத்தம். மூக்கிலும் வாலிலும் இருந்த துப்பாக்கிக் குழாய்களையும் பிசிறு என்று சீவியிருந்தார்கள்.

"சட்டம் எங்க அத்தை?"

"கீழ மெஷின்ல போட்டாச்சு. நல்ல மால்னு சொன்னாரு மெஷின்காரரு. அப்பவே அரைச்சுட்டாரு." அத்தை ஒரு இறக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "உங்கம்மா கேட்டா, மைனி இந்தப் பட்டையையும் வெட்டணுமான்னு. ஏளா நீட்டிக்கிட்டு நிக்கதையெல்லாம் வெட்டு, பிள்ளை சாமான் பிசிறோட போவக்கூடாதுன்னுட்டேன். கை கடுத்துப்போச்சு பாத்துக்க. சாக்கு சாமான்லாம் இம்புட்டுப் பொடிசா வாரதில்ல."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலில் புது டேப், டேப்புக்கு வெளியே ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அந்த வாரச் சாக்கு மூலையில் கட்டுக்கூட அவிழ்க்காமல் கிடந்தது.

"நல்லாருக்காட்டி?"

"நல்லாருக்கும்மா."

வேறென்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

பார்ட்னரை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாராவி மெயின் ரோட்டில் நின்று அவனைக் கூட்டிவந்தேன். சந்தில் திரும்பும்போது கேட்டான், "ஃபேக்டரி இன்னும் தூரமா?" ஏணியைக் காட்டினேன். அவன் ஏணியைப் பார்த்தான், கீழே மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓ," என்றான். என் காது ரெண்டும் கொதித்தது. மேலே ஏறினோம்.

கப்புகளைக் காட்டினேன். விளக்கமே வேண்டியிருக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு கப்பாகப் பார்த்தவன், ஒரு சக்கரத்தை விரலில் உருட்டியபடி முணுமுணுத்தான், "பப்பா மார் டாலேகா யார்." அவன் கண் நிறைந்துவிட்டது. அப்பா தன்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்த அழுகையாக எனக்குத் தெரியவில்லை. அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமே என்ற அழுகை.

அந்த நேரம் பார்த்து அம்மா தட்டில் முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். "தம்பி, பாத்தியா? எல்லாம் ரெடி. இனி ஒட்ட வேண்டியதுதான். எப்பிடி வந்திருக்கு?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். "சூப்பரா இருக்கு ஆன்ட்டி," என்றான். "ஃபர்ஸ்ட் க்ளாஸ்." முறுக்கை எடுத்துக் கடித்தான்.

அந்த ஒரு நொடியில் தீர்மானம் ஆகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அவன் அப்பாவுக்கும் தெரியக்கூடாது. எப்படியாவது அதை ஒரு விமானமாக நிற்க வைத்துவிட வேண்டும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஏணி இறங்கும்போது அவன், "ஆன்ட்டிகிட்ட சொல்லாத, ப்ளீஸ்," என்றான். அவன் சொன்னதற்காக எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அதை நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவன் பள்ளிக்கூடம் விட்டு அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்தான். கிட் கட்டிய யாருக்கும் புரியும் நாங்கள் பட்ட பாடு. நம்பர் இல்லாமல் படத்தை மட்டும் பார்த்து, எந்தத் துண்டு எது என்று ஜோசியம் பார்த்தோம். நாற்காலியைத் தலைகீழாக ஒட்டிவிட்டுத் திரும்பப் பிய்த்தோம். பிடித்துக்கொள்ளக் குச்சி இல்லாததால் ஒட்டுகிற எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. உடம்பின் ரெண்டு பாதியும் சேரவே சேராது, மூக்கில் சரி செய்தால் வால் விலகும். இறக்கைக்குள் ஊக்கை வளைத்து வைத்தோம், தீக்குச்சி செருகினோம். கடைசியில் சட்டென்று ஒட்டுகிற பசையை ஊற்றினோம். இறக்கை நின்றது, ஒரு பக்கம் தொங்கி. காக்பிட் கண்ணாடியையும் அதே பசையால் ஒட்டியதில், மறுநாள் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அந்தப் பசை அப்படிச் செய்யும் என்று இப்போது ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன். அன்றைக்குத் தெரியாது.

"பனி விழுந்த மாதிரில்லா இருக்கு," என்றாள் அம்மா. அதையும் ரசித்தாள்.

அவள் எங்களோடேயே உட்கார்ந்திருப்பாள். சாக்கு வேலை செய்துகொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். "அந்தா அந்த உருண்டை நான் வெட்டுனது," என்பாள். "அது அங்ஙனயா வாரது? நான் அதை மூடின்னு நெனச்சேன்." சக்கரம் சக்கரமாகி நின்றபோது, வெட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எத்தனை வருஷம் வெட்டியிருக்கிறாள். வெட்டியது ஒன்று போய் இன்னொன்றோடு சேர்ந்து ஒரு உருவமாக நிற்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். பார்ட்னர் பக்கம் திரும்பி, "எங்க வச்சுக் காட்டுவாவ தம்பி? நாங்க வரலாமா?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"வாங்க ஆன்ட்டி," என்றான். "பேரண்ட்ஸ் எல்லாம் வருவாங்க."

எக்ஸிபிஷன் அன்று அம்மா ஈஸ்டருக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். அத்தை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, அதைவிடப் பளபளப்பான ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் டேப்பைக் கழற்றச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்பதற்காக எனக்கு மார்க் எதுவும் கிடையாது, நினைத்தேனே.

ஹாலில் மேஜை மேஜையாக வைத்திருந்தார்கள். எரிமலை, தீக்குச்சி வீடு, பாட்டிலுக்குள் மீன். எங்கள் விமானம் பச்சைப் பெயின்ட்டில், தொங்குகிற இறக்கை சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி திருப்பி நின்றது. துப்பாக்கி இல்லாத போர் விமானம். சக்கரங்கள் உருளாது, உருட்டினால் விழுந்துவிடும். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் விமானம்தான். அம்மா மேஜைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள், கல்யாண வீட்டில் பெண் வீட்டார் நிற்கிற மாதிரி. யாராவது வந்து குனிந்தால் அத்தையை இடிப்பாள்.

பார்ட்னரின் அப்பா ஆபீசிலிருந்து நேராக வந்தார். வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். அந்த விமானத்தை அவர் அத்தனை வருஷம் பெட்டிக்குள் வைத்து மனசுக்குள் கட்டியிருப்பார். மேஜைக்குக் கிட்ட வந்ததும் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. சுவர்ப் பக்கம் சுற்றிவந்தார். ஒரு விரலால் இறக்கையைத் தூக்கினார். அது ஆடியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, இடுக்கில் பார்த்தார்.

"செருகற குச்சி, பின்னெல்லாம் எங்கேடா?"

பார்ட்னர் என் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"இறக்கையில செருகற பட்டை இல்லே. சக்கரத்துல ஆக்ஸில் இல்லே. கன் எல்லாம் எங்கே? யார் இதை இப்படி வெட்டினா?"

அவர் கத்தவில்லை. அதில்தான் காரியம் கெட்டது. கத்தியிருந்தால் அம்மாவுக்குப் புரிந்திருக்கும். அவர் கேட்டது, ஒரு நல்ல வேலையைப் பார்த்து யார் செய்தது என்று கேட்கிற குரலில் இருந்தது. அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நாங்கதான் சார். நானும் எங்க மைனியும்."

அவர் நிமிர்ந்தார்.

"ஒரு பிசிறு இருக்காது சார். தடவிப் பாருங்க. மத்தவங்க வெட்டுனா நகம் மாட்டும். இன்னும் ஏதாச்சும் இருந்தா பிள்ளைகிட்ட குடுத்து விடுங்க, செஞ்சு தாரோம்."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை, டேப்பை. பிறகு என்னை. "ஃபேக்டரின்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தில் ஹாலில் இருந்த எரிமலைக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது.

கோபம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது. இரக்கம் வந்தது.

"தெரியாமத்தானே பண்ணினேள்," என்றார். "விடுங்கோ."

அம்மாவின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்துக்கு இன்னும் செய்தி வந்து சேராத மாதிரி அங்கேயே இருந்தது. "என்ன சார் தெரியாம?" என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்து, அதன் முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். இங்கே ஒரு குச்சி இருந்திருக்கும், அது அந்தப் பக்கத்து ஓட்டைக்குள்ளே போகும். இந்தப் பட்டை உள்ளே போனாத்தான் இறக்கை நேரா நிக்கும். இது துப்பாக்கி. நம்பர் அந்த ஃப்ரேம்லதான் இருக்கும், அதைக் கடைசி வரைக்கும் வச்சுக்கணும். பொறுமையாக, வாத்தியார் மாதிரி, ஒன்றையும் விடாமல். பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆங்" என்றாள். "ஆங். சரி சார்." அத்தை பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மா நகரவில்லை.

"பப்பா, போதும்," என்றான் பார்ட்னர். அழுதுவிட்டான்.

"இல்லேடா. அவா தெரிஞ்சுக்கணுமோல்லியோ."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. இதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சும்மா தலையாட்டிவிட்டுப் போனால் அம்மாவை மட்டமாக நினைத்த மாதிரி ஆகும், விளக்கிச் சொன்னால் மரியாதை என்று நினைத்திருப்பார். நானும் பார்ட்னரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்த மாதிரிதான். அந்த அறையிலேயே, பேப்பர் கப்புகளுக்கு நடுவில் நான் சொல்லியிருந்தால் அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், அம்மா பிளேனைத் திட்டியிருப்பாள், விஷயம் அந்த நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். நாங்கள் அதற்குப் புடவை கட்டி, ஹாலுக்குக் கூட்டிவந்து, நடுவில் நிறுத்தினோம்.

அவர் முடித்தபோது அம்மா சொன்னாள், "மன்னிச்சிருங்க சார். எங்களுக்கு இது சாமான்னு தெரியல. பிசிறுன்னு நெனச்சிட்டோம்."

என் அம்மா யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை, சபையில் ஜெபத்தில் தவிர.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தைதான் பேசினாள். "என்னத்துக்கு அந்தாளு விடுங்கோ விடுங்கோங்காரு? நாம என்ன புடிச்சா வச்சிருக்கோம்?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சயான் ஸ்டாப் வந்தபோது ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டாள், "உனக்கு அன்னைக்கே தெரியுமாட்டி?"

"ஆமாம்மா."

"அந்தத் தம்பிக்கு?"

"அவனுக்கும்."

"ம்," என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தாராவி வந்துவிட்டது, இறங்கினோம்.

விமானத்தைப் பார்ட்னர் அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் அது என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் காட்கோபர் பக்கம் வீடு மாறிப் போனார்கள். ஆகவே என் முதல் கிட்டின் போட்டோ கிடையாது. கேட்டதற்குப் பதில் அதுதான்.

ஆனால் அதற்கு அடுத்த திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டால் நான் இதை எழுதியிருக்கவே வேண்டாம். சாக்குக் கொண்டுவருகிறவர் வழக்கம்போல ஏணியில் பாதி ஏறி, சாக்கை உள்ளே தள்ளிவிட்டு இறங்கப்போனார். அம்மா சாக்கைப் பிரித்து ஒரு ரன்னரை வெளியே எடுத்தாள். வெள்ளையில், உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஏதோ ஒன்று, ஓரத்தில் நாலு குட்டிக் கொம்பு நீட்டிக்கொண்டு.

"பையா, யே க்யா ஹை?" என்று கேட்டாள்.

அவர் நின்று பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இது என்ன சாமான் என்று கேட்டதில்லை போலிருக்கிறது. "டக்கன் ஹோகா," என்றார்.

"கிஸ்கா டக்கன்?"

எதன் மூடி என்று அவருக்கு எப்படித் தெரியும். "ஆப் காட்டோ நா ஆன்ட்டி," என்று, வெட்டச் சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அத்தை ஏற்கெனவே பாயில் உட்கார்ந்து ஒன்றை நறுக்கிவிட்டாள். "ஏளா, என்னத்த பாத்துக்கிட்டுருக்க? பொழுது போவுது, வெட்டு."

அம்மா வெட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு கொம்பையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, நீ படிக்கிறவதான. இதுல எது வேணும், எது வேண்டாம்? சொல்லு."

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். கொம்புகள் எதையாவது பிடித்துக்கொள்வதற்காக இருக்கலாம். அச்சில் கசிந்த பிசிறாகவும் இருக்கலாம். நான் தெரிந்த மாதிரி ரொம்ப நேரம் பார்த்தேன். அம்மா பிளேடைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்கிறவரை வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.